அறுவடை வண்டி டிரைவருக்கு எது கட்டும்: மணிக்கணக்கா, மாதச் சம்பளமா, ஏக்கர் கணக்கா, சொந்த வண்டியா?

சம்பா அறுவடை நெருங்கினால் டெல்டா மாவட்டங்களில் கலெக்டர் தலைமையில் முத்தரப்புக் கூட்டம் போடுவார்கள். விவசாயிகள் ஒரு பக்கம், வண்டி ஓனர்கள் ஒரு பக்கம், அதிகாரிகள் ஒரு பக்கம் உட்கார்ந்து பெல்ட் வண்டிக்கு (டயருக்குப் பதில் ரப்பர் டிராக்கில் ஓடுவது) மணிக்கு இவ்வளவு, டயர் வண்டிக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள், மறுநாள் பேப்பரில் வரும். சீசன் சூடு பிடித்த பிறகு அந்த ரேட் நிற்கிறதா என்பது தனிக் கதை. அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து அறுக்கிற ஆளுக்கு மணிக்கு எவ்வளவு என்று அங்கே யாரும் பேசி நான் கேள்விப்பட்டதில்லை. அது ஆத்தூரிலோ பெரம்பலூரிலோ ஓனர் வீட்டு வாசலில், பெரும்பாலும் ஒரு அட்வான்ஸ் கை மாறும்போது, வாய்ப்பேச்சாக முடிந்துவிடுகிறது.

டிரைவர்களிடம் பேசினால் நாலைந்து விதமான ஏற்பாடுகள் தெரிகின்றன. எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், போன சீசன் அவரவருக்கு எப்படிப் போனதோ அதைப் பொறுத்து. நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எல்லாவற்றையும் பார்க்கிறேன்: மழை பெய்து வண்டி நின்றால் அந்த நாள் யார் தலையில் விழுகிறது? மற்றதெல்லாம் அப்புறம்.

மணிக்கணக்கு

பரவலாக இருப்பது இதுதான். வண்டி ஓடுகிற மணிக்கு இவ்வளவு பேட்டா, சம்பளம் என்று தனியாக எதுவும் கிடையாது. வயசுப் பையன்களுக்கு இது பிடிக்கிறது, ஏன் என்றால் நல்ல சீசனில் கை நிறைய வரும். கணக்குக்காக மணிக்கு 150 ரூபாய், சீசன் 40 நாள் என்று வைத்துக்கொள்வோம். அதில் சராசரியாக 28 நாள், நாளுக்கு 9 மணி நேரம் வண்டி ஓடினால் 252 மணி, 37,800 ரூபாய். மழையே எட்டிப் பார்க்காமல் 36 நாள், நாளுக்கு 10 மணி ஓடினால் 54,000. நடுவில் மழை பிடித்து 18 நாள்தான் 9 மணி வீதம் ஓடியது என்றால் 24,300, அவ்வளவுதான். வண்டி நின்ற அந்த 22 நாளும் டிரைவர் வீட்டில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏதோ ஒரு ஊர்க் களத்தில் வண்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டிப் படுத்துக்கொண்டு, டீசல் திருடு போகாமல் காவல் காத்துக்கொண்டு இருக்கிறார். அதுவும் வேலைதான், ஆனால் மீட்டர் ஓடாத வேலை.

2023 பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழை நினைவிருக்கும். அறுக்க நின்ற சம்பாப் பயிர் டெல்டா முழுக்கச் சாய்ந்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது, விவசாயிக்கு அது போதாது என்றாலும் அவர் பெயர் ஒரு பட்டியலிலாவது ஏறியது. மணிக்கணக்கில் இருக்கிற டிரைவர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

மழை இல்லாத நாளிலும் இந்தக் கணக்கில் ஓட்டை உண்டு. காலையில் பனி காயும் வரை அறுக்க முடியாது, நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வழக்கமாக நேரடிக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் கிரீஸ் அடிப்பது, பில்டர் ஊதுவது, கத்தி பார்ப்பது, பெல்ட் இறுக்குவது எல்லாம் நடக்கிறது. அப்புறம் ஒரு துண்டு முடித்து அடுத்த துண்டுக்குப் போகிற நேரம், டிராக்டர் டிப்பர் வரட்டும் என்று தொட்டியில் நெல்லோடு நிற்கிற நேரம், லாரியில் வண்டி ஏற்றி ராத்திரியோடு ராத்திரியாக ஊர் மாறுகிற நேரம். இதற்கெல்லாம் பேட்டா உண்டா என்று பல பேர் கேட்காமலே வண்டி ஏறிவிடுகிறார்கள்.

விவசாயிக்கும் இதில் ஒரு சந்தேகம் வரும். சாய்ந்த பயிரைக் கீழ் கியரில் மெதுவாகத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கதிர் வயலிலேயே கிடக்கும். வரப்பில் நிற்கிறவர் பார்வைக்கு அது மணியை இழுக்கிற வேலையாகத் தெரிகிறது. சண்டை பாதி இங்கேதான் தொடங்குகிறது.

ஏக்கர் கணக்கு

இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. காய்ந்த, நிமிர்ந்த பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்பது சரி. சேறும் சாய்ந்த நெல்லுமாக இருந்தால் ஒரு மணியில் முடிகிற ஏக்கர் இரண்டு மணி ஆகும், கூலி அதே கூலி. அதனால் டிரைவர் வேகத்தைக் கூட்டுவார், நெல் வைக்கோலோடு பின்னால் பறக்கும். நிதானமாக ஓட்டி, சல்லடையும் காற்றும் பயிருக்குத் தக்கபடி மாற்றி வைத்து, சேதாரம் குறைக்கத் தெரிந்த ஆளுக்கு இந்த முறையில் தண்டனைதான் கிடைக்கிறது. டிரைவருக்கோ விவசாயிக்கோ இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மாதச் சம்பளம்

வருஷம் முழுக்க வண்டி ஊர் சுற்றுகிற ஓனர்களிடம் இது உண்டு. செப்டம்பர், அக்டோபரில் குறுவை, ஜனவரியிலிருந்து மார்ச் வரை சம்பா, தாளடி, மார்ச் ஏப்ரலில் கேரளாவின் குட்டநாடு, ஏப்ரல் மே மாதம் தெலங்கானா என்று வண்டி போய்க்கொண்டே இருக்கும், டிரைவரும் கூடவே போவார். மாதம் 22,000, சாப்பாட்டுக்கு நாளுக்கு 200 என்று வைத்தால் அதே 40 நாளுக்குச் சுமார் 37,300 வரும். மழை பெய்தாலும் அதுதான், வெயில் அடித்தாலும் அதுதான். சராசரி சீசனில் மணிக்கணக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை என்பதைப் பார்க்கலாம். பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டிய ஆளுக்கு இந்த நிம்மதி பெரிய விஷயம்.

ஆனால் இங்கே வேறு மாதிரி இடி விழும். சம்பளம் நிலையாகிவிட்டால் நேரத்துக்கு எல்லை போய்விடுகிறது. மழை வருகிறது என்று செய்தி வந்த அன்று ஊரே வண்டியைச் சுற்றி நிற்கும், "அண்ணே, இந்த ஒரு துண்டையும் முடிச்சிட்டுப் போயிடுங்கண்ணே" என்று கையைப் பிடிப்பார்கள், அதைத் தட்டவும் முடியாது. விளக்குப் போட்டு நள்ளிரவு வரை ஓடும், ஓனருக்கு வாடகை ஏறும், டிரைவருக்குத் தூக்கம்தான் குறையும். தூக்கக் கலக்கத்தில்தான் விபத்துகள் நடக்கின்றன: தாழ்ந்து தொங்குகிற மின்கம்பியை இருட்டில் கவனிக்காமல் நெல் கொட்டுகிற குழாயைத் தூக்குவது, அடைத்துக்கொண்ட வைக்கோலை எஞ்சினை அணைக்காமல் கை விட்டு இழுப்பது. மாதச் சம்பளத்துக்குப் போகிறவர் ஒரு நாளைக்கு இத்தனை மணிக்கு மேல் ஓடினால் தனிப் பேட்டா என்று முதலிலேயே பேசாவிட்டால், அந்தச் சம்பளம் காகிதத்தில்தான் நல்ல சம்பளம்.

இன்னொன்று அட்வான்ஸ். ஐம்பதாயிரம், லட்சம் என்று முன்பணம் வாங்கிவிட்டால் சீசன் முடியும் வரை வண்டி மாற முடியாது, சண்டை வந்தாலும் முடியாது. இது மணிக்கணக்கிலும் உண்டு, மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கூடுதல். எந்தச் சம்பள முறையையும் விட இந்த அட்வான்ஸ்தான் டிரைவரின் பேரத்தை அதிகம் உடைக்கிறது என்பது என் எண்ணம்.

அரசு வண்டி, குழு வண்டி

வேளாண் பொறியியல் துறை வண்டிகளுக்கு வாடகை தனியாரைவிடக் குறைவு, அதனால் விவசாயிக்கு ஆசை, ஆனால் வண்டிகள் குறைவு. டிரைவர் பக்கம் பார்த்தால் நிரந்தர வேலை கிடைத்தவருக்கு இதைவிட மேல் எதுவும் கிடையாது. கிடைப்பதுதான் கஷ்டம். கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 2017 முதல் உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்து இயந்திரம் வாங்க வைத்தார்கள். அந்தப் பணத்துக்குப் பவர் டில்லர், ரோட்டவேட்டர் மாதிரிதான் வாங்கலாம், அறுவடை வண்டி எட்டாது. இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்கியவர்கள் அதை ஓட்டுகிற ஆளின் சம்பளத்துக்கு வழி செய்யவில்லை என்பதுதான் பல இடங்களில் அது ஷெட்டில் நிற்பதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

சொந்த வண்டி

எல்லா டிரைவருக்கும் இந்தக் கனவு உண்டு. 18 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதம் சுமார் 40,000 தவணை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்டுகிற மாதிரி கொடுத்தாலும் தொகை அதே தொகைதான், டெல்டாவில் நெல் அறுக்கிற மாதங்களோ வருஷத்தில் பாதிகூட இல்லை. பெல்ட் வண்டியில் ரப்பர் டிராக் போய்விட்டால் செலவு லட்சக் கணக்கில் போகும். வேலை பிடித்துத் தருகிற புரோக்கருக்கு மணிக்கு இவ்வளவு என்று கமிஷன் வேறு. முன்பு மழை பெய்தால் வருமானம் மட்டும்தான் நின்றது, இப்போது கடன்காரனும் வாசலில் நிற்பான். வெளி மாநிலத்தில் வேலை பிடித்துத் தருகிற ஆள் பழக்கம் இருந்து, வீட்டில் இன்னொரு டிரைவரும் இருந்தால் இறங்கலாம். ஒற்றை ஆளாக, டெல்டா சீசனை மட்டும் நம்பி வேண்டாம்.

என் தேர்வு

குறைந்த மாதச் சம்பளமும் அதற்கு மேல் மணிப் பேட்டாவும் கலந்த முறை. மாதம் 15,000, அதோடு மணிக்கு 75 என்று வைத்துப் பாருங்கள். 40 நாளுக்கு நிலைச் சம்பளம் 20,000. சராசரி சீசனில் மொத்தம் 38,900, மழைச் சீசனில் 32,150, நல்ல சீசனில் 47,000. டிரைவர் உச்சத்தில் 7,000 ரூபாயை விட்டுக்கொடுத்து, பள்ளத்தில் கிட்டத்தட்ட 8,000 ரூபாயைக் காப்பாற்றிக்கொள்கிறார். ஓனர் தாங்குவாரா என்றால் தாங்குவார். வாடகை மணிக்கு 2,500 என்று வைத்தால் மழைச் சீசனில்கூட 162 மணிக்கு 4,05,000 வரும், அதில் டிரைவருக்குப் போவது நூற்றுக்கு எட்டுதான். டீசல், லாரி வாடகை, தவணை எல்லாம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல டிரைவர் பாதிச் சீசனில் அடுத்த வண்டிக்குத் தாவினால் ஆகிற நஷ்டத்தோடு இதை வைத்துப் பாருங்கள்.

இந்த முறைக்கு ஆதரவாக இன்னொரு காரணமும் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே டிராக்டர் முதலான இயந்திரங்களைக் கொண்டு விவசாயம் செய்கிற வேலையில் இருப்பவர் சேர்க்கப்பட்டிருக்கிறார். இப்போது அது 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. வேலையில் உயிர் போனால் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்பச் சட்டம் வைத்திருக்கிற ஒரு எண்ணால் (காரணி) பெருக்கித் தருவது அந்தச் சட்டத்தின் கணக்கு. 30 வயதுக்குக் காரணி 207.98, 2020 ஜனவரியிலிருந்து கணக்கில் எடுக்கிற சம்பள உச்சவரம்பு மாதம் 15,000, ஆக 15,59,850 ரூபாய். ஆனால் சம்பளம் எவ்வளவு என்று அந்தக் குடும்பம் காட்ட வேண்டுமே! மணிக்கு இவ்வளவு என்று கையில் வாங்கினதற்கு எந்தச் சீட்டும் இருக்காது. மாதம் 15,000 பேங்க் கணக்கில் ஏறியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

மணிப் பேட்டாவுக்கும் சாட்சி தேடி அலைய வேண்டாம், வண்டியிலேயே எத்தனை மணி ஓடியது என்று காட்டுகிற ஹவர் மீட்டர் இருக்கிறது. விவசாயியிடம் வாடகை வாங்க அதைத்தான் காட்டுகிறார்கள், டிரைவருக்கு மட்டும் மனக்கணக்கு எதற்கு? காலையில் ஏறும்போதும் ராத்திரி இறங்கும்போதும் மீட்டரைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் தீர்ந்தது. அட்வான்ஸில் எவ்வளவு கழிந்தது என்பதையும் அதிலேயே போடச் சொல்லுங்கள். வண்டி இன்சூரன்ஸில் டிரைவருக்கும் ஹெல்பருக்கும் சேர்த்து பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாலிசியை வாங்கிப் பார்க்க வேண்டும், அது சின்னத் தொகைதான், கட்டாத ஓனர் வண்டியில் எந்த ரேட்டுக்கும் ஏறாதீர்கள்.