இன்ஜின் மிஸ்ஸிங்: செட்டாக மாற்றுவதா, இடம் மாற்றிப் பார்ப்பதா?

பெட்ரோல் காரின் இன்ஜின் ஐட்லிங்கில் குலுங்கி, மேடேறும்போது இழுவை குறைந்து, செக் இன்ஜின் விளக்கும் எரிந்தால், அது பெரும்பாலும் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது; அதை வீட்டிலேயே சரிசெய்ய நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. பொறி தந்து எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகளையும், அவற்றுக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில்களையும் செட்டாக வாங்கி மொத்தமாக மாற்றிவிடலாம். அல்லது எதையும் வாங்காமல், சந்தேகத்துக்குரிய பாகத்தை வேறு சிலிண்டரில் பொருத்தி, கோளாறும் அதனுடன் இடம் பெயர்கிறதா என்று பார்க்கலாம். என் காருக்கு நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழியை; ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

எந்த வழியில் சென்றாலும் காரின் கணினி பதிவுசெய்த கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் எளிய ஓபிடி ஸ்கேனர் ஒன்று வேண்டும். பி0300 என்று வந்தால் பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ் ஆகிறது. பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டர். ஸ்கேனர் சொல்வது அவ்வளவுதான். இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் சுழற்சி வேகத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் கணினி, ஒரு சிலிண்டரின் முறை வரும்போது வேகம் சற்றுத் தளர்ந்தால் அதை மிஸ்ஃபயர் எனப் பதிவுசெய்கிறது. பொறி வராமல் தளர்ந்ததா, எரிபொருள் வராமல் தளர்ந்ததா, கம்பிரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படுவது) போனதால் தளர்ந்ததா என்பது அந்தக் குறியீட்டில் இராது.

செட்டாக மாற்றுவதிலும் நியாயம் உண்டு. பிளக்குகளின் ஆயுள் முடிந்திருந்தால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். வி6 வகை இன்ஜின்கள் சிலவற்றில் பின்வரிசைப் பிளக்குகளை எட்டுவதற்கே காற்று உள்ளே செல்லும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், ஒருமுறை திறந்ததும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே அறிவுடைமை எனத் தோன்றுகிறது. அவ்வகை இன்ஜினில் நான் கைவைத்ததில்லை. அதனால் இதை உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது செலவைவிட, கிடைக்கும் சான்றுதான். செட்டாக மாற்றியபின் மிஸ்ஸிங் நின்றுவிட்டால், எந்தப் பாகம் கெட்டிருந்தது என்று தெரியாமலே போகிறது. நிற்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: பழைய கோளாறோடு, புதுக் காயில் சரியானதுதானா, புதுப் பிளக்கின் இரு முனைகளுக்கிடையிலான இடைவெளி பொருந்துகிறதா என்ற ஐயங்களும் சேர்ந்துகொள்கின்றன. இடம் மாற்றும்போதோ, புதிதாக எதுவும் இன்ஜினுக்குள் நுழைவதில்லை. குறியீடு நகர்ந்தால் குற்றவாளி கையிலேயே சிக்கிவிடுகிறது. நகராவிட்டாலும் அந்தப் பாகத்தின் மீதான சந்தேகம் பெரும்பாலும் விலகிவிடுகிறது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பலர் காயிலையும் பிளக்கையும் சேர்த்தே ஒரே சிலிண்டருக்கு மாற்றிவிடுகிறார்கள். குறியீடு நகர்ந்தால் இரண்டில் எது என்று மீண்டும் தேட வேண்டியிருக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டாவது மிஸ் ஆகிறது என்றால், அதன் காயிலை மூன்றாவதோடும் அதன் பிளக்கை நான்காவதோடும் மாற்றிக்கொண்டால், ஒரே ஓட்டத்தில் விடை வந்துவிடும். பி0303 வந்தால் காயில். பி0304 வந்தால் பிளக். பி0302 அப்படியே நின்றால் ஒயரிங், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், கம்பிரஷன் என்ற பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும். குறியீட்டை அழிக்குமுன், ஃப்ரீஸ் ஃபிரேமில், அதாவது கோளாறு நேர்ந்த கணத்தின் நிலவரப் பதிவில், பதிவாகியிருக்கும் ஆர்பிஎம், லோடு, கூலன்ட் வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது அவசியம். மிஸ் ஆன அதே சூழ்நிலையில் ஓட்டிப் பார்த்தால்தான் சோதனைக்குப் பொருள் உண்டு.

இன்ஜின் நன்றாக ஆறியபின் கழற்றும்போது கண்ணுக்கும் சில தடயங்கள் சிக்கும். என் காரில் இரண்டாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மீது, பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கருங்கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடியிருந்தது. மின்பொறி முனைக்குப் போகாமல் வெளிப்புறமாகவே கசிந்த வழி அது. பிளக் இறங்கும் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் இன்ஜினின் மேல்மூடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் வால்வ் கவர் கேஸ்கெட்டையும் கவனிக்க வேண்டும். இல்லையேல் புதுக் காயிலின் ரப்பரும் நாளடைவில் ஊறிக் கெட்டுவிடும்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒரே காயில் பெட்டி உள்ள வண்டியில் ஒயரையும் பிளக்கையும் மட்டுமே இடம் மாற்ற முடியும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் சோதனைக்காகக்கூட ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும், அதன் விலையோடு ஒப்பிட்டால் காயில் செட்டின் விலை ஒன்றுமே இல்லை. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் எரிபொருள் அழுத்தம் 100 பாருக்கும் மேலே போகும் என்பதால், அதன் இன்ஜெக்டரை வீட்டில் இடம் மாற்றிப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்டுபிடித்தபின் வாங்கும்போது மட்டும் நான் மற்றத் தரப்போடு பாதி ஒத்துப்போகிறேன். பிளக்குகள் ஏறக்குறைய ஒரே சீராகத் தேய்பவை என்பதால் செட்டாகவும், காயில்கள் தனித்தனியே பழுதாகின்றன என்பதால் கெட்டதை மட்டுமாகவும் மாற்றுவது என் வழக்கம். புதுப் பிளக்கை முதலில் கையாலேயே திருகி, மரை சரியாக ஏறியபின்தான் இறுக்கும் விசையை அளந்து திருக உதவும் டார்க் ரெஞ்சை எடுக்க வேண்டும். இரிடியம் பிளக்காக இருந்தால் அந்த மெல்லிய முனையை நெம்பி இடைவெளியைச் சரிசெய்ய முயலாமல், கையேட்டில் சொன்ன அளவிலேயே வாங்கிவிடுவது நல்லது.