தலையங்கமா, நீள்கட்டுரையா, கதைப்புத்தகமா, வினாக்கொத்தா?

எம்.பி.ஏ. போன்ற முகாமைத்துவப் பட்டமேற்படிப்புகளுக்கான நுழைவுப் பரீட்சை ஜீமேட். அதன் ஆங்கில மொழிப் பகுதிக்கு 45 நிமிடம், 23 கேள்வி. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் இலக்கணத் திருத்தக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியவை இரண்டே: வாசித்து விளங்குவது, வாதத்தைச் சோதிப்பது. இந்திய முகாமைத்துவக் கழகங்களுக்கான கேட் நுழைவுப் பரீட்சையில் அண்மைய ஆண்டுகளில் மொழிப் பகுதிக்கு 40 நிமிடம், 24 கேள்வி. அவற்றில் 16 கேள்விகள் நான்கு உரைப்பகுதிகளிலிருந்து வருகின்றன. கேட் எழுதுவதென்றால் இந்தியாவுக்குப் போக வேண்டும். அங்குள்ள முகாமைத்துவக் கழகங்கள் பலவும் வெளிநாட்டு விண்ணப்பதாரரிடம் ஜீமேட்டை ஏற்பதால், அட்டனிலோ பண்டாரவளையிலோ இருப்பவருக்கு ஜீமேட்டே கைக்கெட்டும் வழி. எதை எழுதினாலும் இலக்கண விதிகளை மனனம் செய்து புள்ளி எடுக்கும் காலம் போய்விட்டது. வாசிக்கத்தான் வேண்டும்.

எதை வாசிப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ஆங்கில ஆசிரியர் பேப்பரைக் காட்டுவார். படித்த அக்கா கதைப்புத்தகம் என்பார். டியூட்டரியில் வினாக்கொத்தைக் கையில் தருவார்கள். இணையத்தில் தேடினால் நீள்கட்டுரைகளின் பெயர் வரும். நான்கும் நல்லவைதான், ஆனால் நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை படித்த ஒருவர் தன் நிலைக்குப் பொருந்தாததைத் தொடங்கிவிட்டு, மூன்றாம் வாரத்தில் "எனக்கு இங்கிலீஷ் ஏறாது" என்று கொப்பியை மூடிவிடுவதுதான் வருத்தமான விஷயம்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். பழக்கமில்லாத விஷயம் பற்றிய 500 சொல் ஆங்கிலப் பகுதி ஒன்றை எடுங்கள். கடிகாரம் வைத்து ஒரே தடவை வாசியுங்கள். மூடிவைத்துவிட்டு, எழுதியவர் எதை நிலைநாட்டப் பார்க்கிறார், அதற்கு என்ன காரணம் காட்டுகிறார் என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத வராவிட்டால் அந்த வேகம் கணக்கில் சேராது, இன்னும் மெதுவாக வாசித்து மறுபடி அளக்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழிபோல் வாசிக்கும் வளர்ந்தவர்களின் சராசரி நிமிடத்துக்கு 238 சொல் அளவு என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். நமக்கு அது தேவையில்லை, 180 முதல் 200 வரை போதும். நான்கு உரைப்பகுதிகள் சேர்ந்து 2,000 சொல் என்று வைத்துக்கொண்டால், 120 வேகத்தில் வாசிப்புக்கே 16 நிமிடம் 40 செக்கன் போய்விடும். 200இல் 10 நிமிடம். மிச்சப்படும் அந்த ஆறரை நிமிடத்தில் நான்கைந்து கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லலாம்.

120க்குக் கீழே இருப்பவர்: கதைப்புத்தகம்

இந்த நிலையில் தலையங்கத்தையும் நீள்கட்டுரையையும் தொடக்கூடாது என்பதே எங்கள் கருத்து. வரிக்கு இரண்டு சொல் தெரியாதபோது மூளை சொல்லோடு மல்லுக்கட்டும், வாதத்தைப் பிடிக்க அதற்கு இடமிருக்காது. உதவியில்லாமல் விளங்கி வாசிக்க 100க்கு 98 சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழி கற்பித்தல் ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் அளவு. 250 சொல் கொண்ட ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தெரியாவிட்டால் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு இலேசானதை எடுங்கள். சிறுவர் நாவலானாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மலையக நகரங்களில் நகரசபை, பிரதேச சபை நூலகங்களில் ஆங்கில இராக்கை சின்னதாகவே இருக்கும். கண்டிக்குப் போய்வரக்கூடியவர்களுக்கு டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகம் இருக்கிறது. கதைப்புத்தகத்தின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். அது சரளத்தைத் தரும், வாதத்தைத் தொடரப் பழக்காது. எட்டு வாரம், நாளுக்கு 30 நிமிடம், அகராதியில்லாமல். வேகம் 120ஐத் தாண்டியதும் அதை இரவு நேர வாசிப்பாக ஒதுக்கிவிடலாம்.

120க்கும் 160க்கும் இடையில்: பேப்பர்

ஆங்கிலப் பேப்பரின் பெரிய பலம், விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பது. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களுக்கு பேஸ்போல் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்பில் பலவீனமாக இருந்தும் ஆட்டத்தை அறிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். நமக்குத் தெரிந்த ஆட்டம் தேயிலை. கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் இலங்கையில் பதிவானது பற்றியோ, தோட்டச் சம்பளம் பற்றியோ ஆங்கிலத்தில் வந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

சம்பள விவாதம் வாதப் பயிற்சிக்கு மிக நல்ல களம். 2024இல் 1,700 ரூபா நாட்சம்பளம் பற்றிய வாதம் உச்சத்தில் இருந்தபோது, பறிக்கும் கிலோவுக்கு ஏற்பச் சம்பளம் கொடுத்தால் உற்பத்தி கூடும் என்று தோட்ட உரிமையாளர் தரப்பு சொன்னது. ஜீமேட் இதையே எடுத்து, "இந்த வாதம் எதை நம்பி நிற்கிறது?" என்று கேட்கும். பறிக்க மலையில் போதிய கொழுந்து இருக்கிறது என்பதை நம்பி நிற்கிறது. வறட்சி மாதத்திலோ, பராமரிப்பில்லாத பழைய மலையிலோ எவ்வளவு விரைவாகக் கை போனாலும் கூடை நிறையாது. சொல்லப்படாத அந்த நம்பிக்கையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் வாதக் கேள்விகளில் பெரும்பகுதி வசப்படும். நம் வீட்டு அம்மாவுக்கு இதற்கு விடை தெரியும். அதை ஆங்கில வரிகளுக்கு நடுவில் அடையாளம் காண்பதுதான் பழக வேண்டிய வேலை.

நாள்தோறும் பேப்பர் வாங்க வேண்டியதில்லை. ஞாயிறுப் பேப்பர் ஒன்று ஒரு கிழமைக்குக் காணும். தலையங்கமும் கருத்துப் பத்திகளும் சேர்த்து ஆறு துண்டு வெட்டி, நாளுக்கு ஒன்று. மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை ஈரத்தில் தாள் நைந்து பூஞ்சணம் பிடிக்கும், பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.

பேப்பரில் பிழைக்கும் இடம் வேறு. செய்தி வாசிப்பதைப் பயிற்சி என்று நினைத்துவிடுகிறார்கள். விபத்தும் தேர்தலும் தகவல் தரும், அவற்றில் வாதம் இல்லை. கருத்துப் பத்திகளும் பெரும்பாலும் அரசியலையும் பொருளாதாரத்தையும் சுற்றியே வரும். பரீட்சையில் பறவைகளின் இடப்பெயர்வும் ஓவிய வரலாறும் மெய்யியலும் வரும்போது பேப்பர் மட்டும் வாசித்தவர் திகைத்துப்போவார். ஆறு வாரத்துக்கு மேல் அதிலேயே தங்காதீர்கள்.

160ஐத் தாண்டியவர்: நீள்கட்டுரை

நான்கில் இதுதான் முதுகெலும்பு. கேட் உரைப்பகுதிகள் சில இயோன் போன்ற இணைய இதழ்களின் கட்டுரைகளிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கின்றன. இயோன் இலவசம். அதன் கட்டுரைகள் பலவும் 2,500 சொல்லுக்கு மேல் போகும், முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்கத் தேவையில்லை. முதல் நான்கு வாரம் தொடக்கத்தில் 600 சொல், அடுத்த நான்கு வாரம் பாதி, பிறகு முழுவதும். விஷயத்தை நீங்கள் தெரிவு செய்யாதீர்கள். திங்கள் விஞ்ஞானம், செவ்வாய் மெய்யியல், புதன் வரலாறு என்று கிழமையே தெரிவு செய்யட்டும்.

ஒவ்வொரு பந்திக்கும் ஓரத்தில் தமிழில் ஐந்தாறு சொல்: "பழைய கருத்து", "அதை மறுக்கிறார்", "உதாரணம்", "ஆனால் ஒரு சிக்கல்". கோடு கீறிப் பழக வேண்டாம், பரீட்சை கணினித் திரையில். தெரியாத சொல்லுக்கு வாசிப்பை நிறுத்தாமல் புள்ளி வைத்துவிட்டுப் போங்கள். முடிந்தபின் ஐந்து சொல்லை மட்டும் அகராதியில் பாருங்கள்.

தமிழில் படித்தவருக்கென்றே ஒரு தடுமாற்றம் இங்கே உண்டு. தமிழில் நிபந்தனை முன்னே வரும்: "விலை ஏறாவிட்டால் தோட்டம் நட்டப்படும்." ஆங்கிலத்தில் அதே செய்தி "தோட்டம் நட்டப்படும், விலை ஏறாவிட்டால்" என்ற ஒழுங்கில் வரலாம். முடிவு கையில் கிடைத்ததும் நம் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறது, 'அன்லெஸ்' என்ற ஒரு சொல் தவறிப்போகிறது. பிழையான விடைகள் பல அந்த ஒரு சொல்லை விட்டவருக்காகவே எழுதப்பட்டவை. 'ஆல்தோ', 'ஹவெவர்', 'ஒன்லி இஃப்' ஆகியவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். 'ஃபியூ' என்றால் இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு, 'அ ஃபியூ' என்றால் சில உண்டு. ஒரு கிழமை முழுக்க இந்தச் சொற்களை மட்டும் வட்டமிட்டு, வாக்கியத்தைத் தமிழ் ஒழுங்கில் சொல்லிப் பாருங்கள். அதன்பின் கண் தானாகவே நிற்கும்.

ஃபோனிலா, தாளிலா? 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளையும் 1,70,000க்கு மேற்பட்ட வாசகர்களையும் சேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த எழுத்தைத் தாளில் வாசித்தவர்களே கூடுதலாக விளங்கிக்கொண்டார்கள், நேர நெருக்கடி இருந்தபோது வித்தியாசம் இன்னும் கூடியது. ஆகவே முதல் மாதங்களில் கட்டுரையை டவுனில் அச்செடுத்து வாசிப்பது நல்லது. அச்செடுக்கக் காசு இடிக்கிறதென்றால், சிக்னல் உள்ள இடத்தில் பக்கத்தை ஃபோனில் சேமித்துக்கொண்டு, டேட்டாவை அணைத்துவிட்டு வாசியுங்கள். எழுத்துக்கு டேட்டா அதிகம் போகாது, ரீலோட்டைத் தின்பது காணொளிதான்.

வினாக்கொத்து எப்போது?

கடைசியில். இதில்தான் அதிகம் பேர் முதலில் விழுகிறார்கள். நாளுக்குப் பத்து உரைப்பகுதி செய்து புள்ளியை மட்டும் பார்த்தால் ஒரு மாதத்தில் புள்ளி நின்றுவிடும், ஏனென்றால் அளவுகோலால் அளந்துகொண்டே இருந்தால் செடி வளராது. அதிகாரபூர்வமான பழைய கேள்விகளும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. முதல் மாதமே தீர்த்துவிட்டால் முடிவில் உண்மையான அளவுகோல் மிஞ்சாது. வேறிடத்தில் தயாரித்த வினாக்கள் சிலவற்றில் விடையே விவாதத்துக்குரியதாக இருக்கும், அதை நம்பிக் குழம்ப வேண்டாம்.

பரீட்சைக்கு எட்டு வாரம் இருக்கும்போது தொடங்குங்கள். நாளுக்கு இரண்டு உரைப்பகுதி, இரண்டும் திரையில். பிழைத்த ஒவ்வொரு கேள்விக்கும் கொப்பியில் ஒரு வரி: சொல் தெரியவில்லையா, நிபந்தனையைத் தவறவிட்டதா, பந்தியில் இல்லாததைச் சொந்த அறிவிலிருந்து சேர்த்ததா? மூன்றாவது பிழை நன்றாக வாசிப்பவர்களிடமே அதிகம். நீள்கட்டுரையை அப்போதும் நிறுத்த வேண்டாம், நாளுக்கு ஒன்றாவது ஓடட்டும்.

நேரமும் இடமும்

லய அறையில் மாலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் தொலைக்காட்சியோடு போட்டி போடுவது வீண். அதிகாலை நாலரைக்கும், பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) ஆட்கள் கிளம்பும் நேரத்துக்கும் இடைப்பட்ட 45 நிமிடம் தொடர்ந்து கிடைக்கும், குசினியில் விளக்கும் எரியும். கினிகத்தேனை, றம்பொடை வளைவுகளில் பஸ்சில் வாசித்தால் தலை சுற்றும், அந்தப் பயணத்தை வாசிப்பு நேரமாகக் கணக்கிடாதீர்கள். ரயிலில் வாசிக்கலாம்.

ஜீமேட்டை வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆனால் பூட்டிய அறையில் தனியாக, அறுபடாத இணையத்தோடு இருக்க வேண்டும். காற்றடித்தால் மின்சாரம் போகும் மலைகளில் அதை நம்ப முடியாது. கொழும்பு நிலையத்தைப் பதிவு செய்து, முதல் நாளே போய்த் தங்குங்கள். பையில் ஒரு நீள்கட்டுரை இருக்கட்டும். காலையில் உள்ளே போவதற்கு முன் அதில் மூன்று பந்தி வாசித்தால் கண் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும்.