வாயுவுக்கு அருமை, திரவத்துக்குச் சிப்பை மாற்ற வேண்டும்: ஒரு சா சென்சார் கிட் விமர்சனம்

சிப்பின் மேற்பரப்பில் ஓடும் அலையின் மாற்றத்தை வைத்து, அதன் மேல் ஒட்டுவதைக் கண்டுபிடிக்கும் மேற்பரப்பு ஒலி அலை சென்சார், சுருக்கமாக சா (SAW) சென்சார், கிட் ஒன்றை ஆறு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். 100 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு சேனல் போர்டு, பூச்சு இல்லாத குவார்ட்ஸ் சிப்புகள், சின்னதாக ஒரு வாயு அறை, திரவம் செலுத்த ஒரு ஃப்ளோ செல், இவ்வளவுதான் பெட்டியில். மேலே ‘வாயுவுக்கும் திரவத்துக்கும்’ என்று அச்சடித்திருந்தார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியை நம்பி முழுதாக ஒரு வாரம் போனது, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

சிப்பைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. சீப்புப் பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தது போல உலோகக் கோடுகள், 1965-இல் ஆய்வாளர்கள் ஒயிட்டும் வோல்ட்மரும் செய்து காட்டிய அதே அமைப்பு. மின் சிக்னல் கொடுத்தால் குவார்ட்ஸின் மேல்தோல் மட்டும் அதிர்ந்து, அந்த அதிர்வு வினாடிக்குச் சுமார் 3158 மீட்டர் வேகத்தில் மறுமுனைக்கு ஓடுகிறது. இந்த ஃப்ரீக்வென்சியில் அலைநீளம் 32 மைக்ரான்தான். அலையின் சக்தி பெரும்பாலும் ஏறக்குறைய அந்த ஆழத்துக்குள்ளேயே அடங்கிக் கிடப்பதால், மேலே கொஞ்சம் எடை ஒட்டினாலும் வேகம் குறைந்து ஃப்ரீக்வென்சி இறங்கிவிடும். 1979-இல் வோல்ட்ஜென், டெஸ்ஸி இருவரும் ஆவிகளைக் கண்டுபிடிக்க இதைத்தான் பயன்படுத்தினார்கள்.

நான் ஒரு சிப்பில் பாலிஐசோபியூட்டிலீன் என்ற ரப்பரை மெல்லிய பூச்சாகப் போட்டேன். டொலுயீன் ஆவி விட்டதும் ஃப்ரீக்வென்சி நன்றாக இறங்கியது, சுத்தமான காற்று விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. எத்தனாலுக்கு அந்த அளவு அசையவில்லை, அது சரிதான், ஏனென்றால் முனைவற்ற (மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாயாத) ரப்பருக்கு ஆல்கஹாலை அவ்வளவாகப் பிடிக்காது. எந்த ஆவியைப் பிடிக்கும் என்பதை முடிவு செய்வது சிப் இல்லை, பூச்சு. இதைக் கையேட்டில் ஒரு வரி கூடச் சொல்லாதது பெரிய குறை, பூச்சுக்கான பொருளும் கூட வரவில்லை.

வெப்பநிலை விஷயத்தில் நல்ல தேர்வு செய்திருக்கிறார்கள். இதில் இருப்பது எஸ்டி வெட்டு குவார்ட்ஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வெட்டிய படிகம், அதன் ஃப்ரீக்வென்சி அறை வெப்பநிலைக்கு அருகில் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. இதே இடத்தில் 128 டிகிரி வெட்டு லித்தியம் நயோபேட் படிகம் இருந்தால், ஒரு டிகிரிக்குச் சுமார் 75 பிபிஎம் (பத்து லட்சத்தில் 75 பங்கு), அதாவது 7.5 கிலோஹெர்ட்ஸ் நகரும், சின்ன ஆவி சிக்னல் அதற்குள் காணாமலே போய்விடும். இரண்டாவது சேனலைப் பூச்சில்லாமல் ரெஃபரன்ஸாக வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் சூடு ஏறினால் பூச்சு உறிஞ்சும் அளவே குறையும், அதை எந்த ரெஃபரன்ஸாலும் சரிக்கட்ட முடியாது, வாயு அறையின் வெப்பநிலையைப் பிடித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்புறம் திரவம். அதே சிப்பின் மேல் தண்ணீர் விட்டேன், சிக்னல் அப்படியே செத்துவிட்டது. வயரிங்கை மாற்றினேன், வேறு சிப் போட்டேன், விற்றவர்களைக் கேட்டபோது கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்றிப் பார்க்கச் சொன்னார்கள். கெயினால் இது தீராது. இது ரேலே அலை, மேற்பரப்பு மேலும் கீழுமாகவும் அசையும். தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1480 மீட்டர்தான் ஓடும், அலை அதைவிட வேகம், அதனால் போகிற வழியெல்லாம் தண்ணீருக்குள் ஒலியாகக் கசிந்து தீர்ந்துவிடுகிறது. (இதே அலையால் திரவத் துளியைத் தள்ளி நகர்த்துகிறவர்களுக்கு இந்தக் கசிவே மூலதனம், அளக்க வந்த நமக்கு அல்ல.)

திரவத்துக்கு மேற்பரப்பிலேயே பக்கவாட்டில் அசையும் அலை வேண்டும். 36 டிகிரி வெட்டு லித்தியம் டான்டலேட் படிகத்தில் 100 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்த சிப்பைத் தனியாக வாங்கிப் போட்டேன், அதே போர்டில் தண்ணீருக்கு அடியிலும் சிக்னல் நின்றது! இந்த அதிர்வு தண்ணீருக்குள் எட்டுவது 56 நானோமீட்டர் அளவுக்குத்தான், அதனால் மேலே ஓடும் திரவம் முழுவதையும் பார்க்காமல் மேற்பரப்பில் வந்து ஒட்டுவதைப் பார்க்கிறது. ஒரு எச்சரிக்கை: உப்புக் கரைசல் விட்டபோது பெரிதாக நகர்ந்ததைப் பார்த்து ஏதோ ஒட்டிவிட்டது என்று குதித்தேன், உண்மையில் கரைசலின் மின்கடத்துத்திறன் அலையின் மின்புலத்தைத் தொட்டிருக்கிறது. ஒரு சேனலின் பாதையைத் தங்கத்தால் மூடி மற்றதைத் திறந்து வைத்தால் ஒட்டியதால் வரும் நகர்வையும் மின்கடத்துத்திறனால் வரும் நகர்வையும் பிரித்துப் பார்க்கலாம்.

ஃப்ளோ செல்லின் ரப்பர் வளையம் அலை ஓடும் பாதையின் குறுக்கே அமுக்குகிறது, திருகை இறுக்க இறுக்க சிக்னல் குறைகிறது. நான் இறுக்கத்தை ஒரே அளவில் வைத்துச் சமாளிக்கிறேன். வாயு வேலைக்கு இந்தக் கிட்டைத் தாராளமாக வாங்கலாம். திரவத்துக்கு என்றால் எந்த அலை, எந்த வெட்டு, வளையம் எங்கே உட்காரும் என்று மூன்றையும் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.