திரைவழி இசைச் சிகிச்சை: செந்தூலிலிருந்து ஒரு மதிப்பீடு

செந்தூல் ரயில்வே பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் தந்தைக்குப் பக்கவாதத்தால் பேச்சு போன பிறகு, கோலாலம்பூரில் உள்ள ஒரு சிறிய இசைச் சிகிச்சை நிலையத்துக்கு அவரை அழைத்துச் சென்றுகொண்டிருந்தோம். கோவிட்-19 பரவலால் 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும் நிலையம் மூடப்பட்டது. அதன் பின் அவர்கள் இணையவழியில் வழங்கிய சேவையையும், கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது நேரில் வழங்கிய சேவையையும் பற்றியே இங்கு எழுதுகிறேன். அங்கு ஒரே ஒரு சிகிச்சையாளர்தான் இருக்கிறார் என்பதால், நிலையத்தின் பெயரைச் சொன்னால் அது அவரையே சுட்டுவதாகிவிடும், ஆகவே தவிர்க்கிறேன்.

இணையத்தில் இருவர் ஒன்றுசேர்ந்து பாட முடியாது. ஒருவர் குரல் மற்றவரை எட்டுவதற்குள் நொடியில் ஒரு சிறு பகுதி கழிந்துவிடுகிறது. பேச்சில் அது தெரிவதில்லை, தாளத்தில் உடனே தெரிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, ஸூம் செயலி மேளத்தையும் சுருதியையும் இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். ஒலியை உள்ளபடியே அனுப்பும் அமைப்பை முடுக்கிவிட எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே முதல் சந்திப்பு முழுவதும் போயிற்று. அதற்கும் கட்டணம் வாங்கினார்கள்.

ஆனால் சிகிச்சையாளர் பழைய வகுப்பை அப்படியே திரைக்குள் திணிக்க முயலவில்லை என்பதுதான் இச்சேவையின் சிறப்பு. தந்தைக்கு அவர் கையாண்டது ‘மெலோடிக் இன்டோனேஷன்’ எனப்படும், 1973இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை. அன்றாடம் தேவைப்படும் ஒரு சொற்றொடரை ஏறக்குறைய இரண்டே சுரங்களில் இழுத்துச் சொல்ல வைத்து, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டச் செய்வார்கள். தொடக்கப் படிகளில் சிகிச்சையாளரும் நோயாளியும் சேர்ந்தே சொல்ல வேண்டும். திரை கெடுப்பது இந்தப் படியைத்தான். அவர் அந்தப் பொறுப்பை வீட்டாரிடம் ஒப்படைத்தார். மைலோ டின்னில் சாய்த்து வைத்த கைப்பேசியில் அப்பாவின் வாயும் இடக்கையும் ஒருசேரத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டு, தம் ஒலியை அடைத்துக்கொள்வார். நான் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து நாற்காலிக் கையில் தட்டியபடி, “தண்-ணி-வே-ணும்” என்று ‘வே’யில் குரலை உயர்த்தி அவரோடு சேர்ந்து பாடுவேன். நான் அவசரப்பட்டால், “கொஞ்சம் நிதானம் தம்பி, அப்பா மூச்சு எடுக்கட்டும்” என்று இடைமறிப்பார். அவர் சொல்ல, அப்பா திருப்பிச் சொல்லும் அடுத்த படிகளைத் தாமே நடத்தினார். அங்கே காத்திருப்பதும் முறையின் ஒரு பகுதி என்பதால் தாமதம் உறுத்தவில்லை.

நிலையத்தின் முதியோர் கூட்டுப்பாடல் வகுப்பு மட்டும் தேறவில்லை. அதை நேரில் நடத்தாமல் நிறுத்தியது சரியே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழுவின் ஒத்திகைக்கு வந்த 61 பேரில், சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து 53 பேருக்குத் தொற்று கண்டது, இருவர் இறந்தனர். எனினும் அதற்கு மாற்றாக, அனைவரும் ஒலியை அடைத்துக்கொண்டு சிகிச்சையாளரின் குரலுக்கு மட்டும் வாயசைப்பதைக் கூட்டுப்பாடல் என்று எப்படிச் சொல்வது? ஓசையின்றி அசையும் உதடுகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மீண்டும் நேரில் சென்றபோது, சிகிச்சையாளர் தம் வாயசைவு தெரிய வேண்டும் என்பதற்காக முகக்கவசத்துக்குப் பதில் கண்ணாடி போன்ற முகத்தடுப்பு அணிந்து, மேசைக்கு அப்பால் தள்ளி அமர்ந்தார். கிருமிநாசினி பட்டால் தோல் கெடும் என்பதால் தோல் கருவிகள் அலமாரிக்குப் போய், துடைத்தெடுக்க வசதியான பிளாஸ்டிக் கிலுக்குகள் ஆளுக்கொரு பையில் வந்தன. தூய்மையில் குறை சொல்ல இடமில்லை. பட்டறையில் இரும்பைத் தட்டிப் பழகிய கைக்கு அவை பிடிக்கவில்லை. அப்பா மேசையையே தட்டினார், சிகிச்சையாளரும் தடுக்கவில்லை.

தனியாக வாழும் முதியவர்களுக்கு இந்த இணையவழிச் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்தில் அமர்ந்து கைபிடிக்க ஓர் ஆள் இல்லாமல் அது நடக்காது. அந்த ஆளின் உழைப்பு இத்தனை இருந்தும் கட்டணம் நேரடிச் சந்திப்புக்கு உரிய அதே கட்டணம்தான். பதிவு செய்வோர், வீட்டாருக்குப் பயிற்சி தரும் தனி நேரமும் அதில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. எங்களுக்குக் கேட்ட பிறகே அது கிடைத்தது.