‘மாட்டினா ஓடும்’னு விற்கிற கிளோ எஞ்சின் செட்: நெல்லைப் பக்கத்துப் பசங்க கவனத்துக்கு

பாளையங்கோட்டையில் பாலிடெக்னிக் படிக்கிற தம்பி ஒருத்தர் போன மாசம் 8,500 ரூபாய் கொடுத்து ஒரு மாடல் விமான எஞ்சின் செட் வாங்கினாரு. 46 சைஸ், அதாவது 7.5 சிசி கிளோ எஞ்சின் (சூடான பிளக் சுருளால மெத்தனால் எரிபொருளைப் பத்த வைக்கிற குட்டி எஞ்சின்). கூடவே பிராப் (முன்னால சுத்துற விசிறி), மவுண்ட் (எஞ்சினைத் தாங்குற பிடி), டேங்க், பிளக்கைச் சூடாக்குற வயர், ஒரு லிட்டர் எரிபொருள். விற்றவர், “எய்யா, ஒரு தடவைகூட ஓட்டாத எஞ்சின். பெட்டியைப் பாரு, பிரிச்ச தடம் இருக்கா? மாட்டினா ஓடும்”னு சொல்லி வித்திருக்காரு. மேஜையில் பரப்பிப் பார்த்தப்போ அந்த செட்டில் உருப்படியா இருந்தது பெட்டி ஒண்ணுதான்.

பணம் போனதைவிட, அதை அப்படியே மாட்டி ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்கிறதுதான் விஷயம். விற்றவர் பேரை இங்கே போடலை. ஆனா என்னென்ன கோளாறு, சரியானது எப்படி இருக்கணும்னு ஒவ்வொண்ணா எழுதுறோம். இதே மாதிரி செட் கைக்கு வந்தா அடையாளம் தெரியணும்.

முதல்ல எரிபொருள். அதைக் கொடுத்தது ஒரு லிட்டர் கலர் (கூல்டிரிங்ஸ்) பாட்டில்ல. லேபிளைக்கூடக் கிழிக்கலை. உள்ளே இருந்தது மெத்தனால். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன்ல அறுபது பேருக்கு மேல செத்தது இதே சரக்கு கலந்த சாராயத்தால. கொஞ்சம் உள்ளே போனாலே கண் போகும், உயிரும் போகும். தோல் வழியாவும் ஆவி வழியாவும் உடம்புக்குள்ள ஏறும். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கு, ஃப்ரிட்ஜ் பக்கத்துல கலர் பாட்டில் இருக்குன்னா மேலே சொல்ல வேண்டியதில்லை. மெத்தனாலை வாங்குறதுக்கும் வைக்கிறதுக்கும் தமிழ்நாட்டில் உரிமக் கட்டுப்பாடு உண்டு. எங்கே வாங்கினது, என்ன விகிதம்னு பில்லோட சொல்ல முடியாதவர்கிட்ட ஒரு சொட்டும் வாங்காதீங்க. மெத்தனாலுக்குன்னு உள்ள தடிச்ச கேன், இறுக்கமான மூடி, பெருசா ‘விஷம்’னு எழுத்து, பூட்டு உள்ள அலமாரி. இதுல எதையும் குறைக்கக் கூடாது.

அந்த பாட்டிலை ஒரு ராத்திரி அசையாம வச்சதும் அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பச்சையா ஒரு அடுக்கு நின்னுச்சு. டூவீலருக்கு ஊத்துற 2டி ஆயில்! கிளோ எஞ்சினுக்கு மசகு எரிபொருளுக்குள்ளேயேதான் போகணும். மினரல் ஆயில் மெத்தனால்ல கரையாது. கனம் கூடுன ஆயில் கீழே இறங்கிடும். டேங்குக்குள்ள எரிபொருளை உறிஞ்சுற கிளங்க்கும் அடியில்தான் கிடக்கும். அதனால எஞ்சின் முதல்ல வெறும் ஆயிலை இழுத்துத் திணறும். அப்புறம் ஆயிலே இல்லாத மெத்தனாலை இழுக்கும். சில நிமிஷத்துல பிஸ்டன் பிடிச்சுக்கும்.

சரியான கலவை ரொம்ப எளிசு. 80 பங்கு மெத்தனால், 20 பங்கு விளக்கெண்ணெய். நைட்ரோமீத்தேன் சேர்த்தா ஐடில் (மெதுவா நின்னு ஓடுறது) நல்லா நிக்கும், ஆனா இந்த சைஸுக்கு அது இல்லாமலும் ஓடும். தாவர எண்ணெய்கள்ல விளக்கெண்ணெய்தான் மெத்தனால்ல தெளிவாக் கரையும். கடையில் விற்கிற ‘தீப எண்ணெய்’ வேற, அது பல எண்ணெய்க் கலப்பு. நம்ம ஊர்ல ஆமணக்கு முத்தை வறுத்து, இடிச்சு, தண்ணி விட்டுக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய் பிள்ளைக்கு வயித்துக்குக் கொடுக்க நல்லதுதான், ஆனா அதுல ஈரம் நிக்கும். செக்குல ஆட்டின, தெளிய வடிச்ச எண்ணெய்தான் வேணும். சோதனை ஒண்ணு இருக்கு: கண்ணாடிச் சீசாவில் ஒரு பங்கு எண்ணெய், நாலு பங்கு மெத்தனால் ஊத்திக் குலுக்கி ஒரு நாள் வைங்க. கண்ணாடி மாதிரி தெளிஞ்சு நின்னா சரி. கலங்கினாலோ, அடுக்குப் பிரிஞ்சாலோ கலப்படம். இதைத் திறந்த வெளியில், கையுறை போட்டுச் செய்யணும். அந்தச் சீசா திரும்ப அடுப்படிக்குள்ள போகக் கூடாது.

இனி எஞ்சின். “கம்ப்ரஷன் கல்லு மாதிரி இருக்கு, சுத்திப் பாரு”ன்னு விற்றவர் சொன்னது நிஜம்தான். காரணம், உள்ளே கெட்டியான கியர் ஆயிலை ஊத்தியிருந்தாங்க. தேஞ்ச எஞ்சினும் அப்படி ஊத்தினா ஒரு மணி நேரத்துக்குக் கம்ப்ரஷன் காட்டும். பிளக்கைக் கழட்டி, மண்ணெண்ணெய் விட்டு அலசி, மெல்லிசான மெஷின் ஆயில் ரெண்டு சொட்டு விட்டு மறுபடி சுத்திப் பார்த்தா சாயம் வெளுத்துடும். பிஸ்டனை மேலே கொண்டுபோய் அழுத்தத்துக்கு எதிரா நிறுத்திப் பிடிங்க. மஃப்ளர் ஓட்டைப் பக்கம் ‘உஸ்’னு காத்துக் கசியுற சத்தம் வந்தா ஸ்லீவ் (பிஸ்டன் ஓடுற உள்குழாய்) போச்சு. புது ஏபிசி எஞ்சின்ல (பித்தளை ஸ்லீவ், உள்ளே குரோம், அலுமினியப் பிஸ்டன்) ஸ்லீவ் மேல்பக்கம் கொஞ்சம் குறுகியிருக்கும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கிறீச்சுன்னு பிடிச்சுத்தான் விடும். இதுல அந்தப் பிடிப்பே இல்லை, வெண்ணெய் மாதிரி சுத்துச்சு. அதைத்தான் ‘ஸ்மூத்’னு சொல்லி வித்திருக்காங்க.

வெளியே பளபளன்னு இருந்ததுக்கும் காரணம் உண்டு. விளக்கெண்ணெய் வெந்து படிஞ்ச பழுப்பு வார்னிஷை கார் கூலன்ட்டுல மெதுவாச் சூடாக்கினா எடுத்துடலாம். தெரிஞ்ச வித்தைதான், தப்பும் இல்லை. ஆனா எக்ஸாஸ்ட் ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தா பிஸ்டன் பக்கவாட்டில் பழுப்பு இன்னும் மிச்சம் இருந்துச்சு. பின் மூடியில் உள்ள நாலு ஸ்க்ரூவோட தலையும் நசுங்கியிருந்துச்சு. கழட்டினா பேரிங் ரெண்டும் செங்கல் பொடி பூசின மாதிரி துரு. மெத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓட்டி முடிச்சுட்டு ஆயில் விடாமப் போட்டா ஒரு மழைக்காலம் போதும். கையால சுத்தும்போது கரகரன்னு உணர்ந்தாலே அதுதான்.

பேரிங் மாத்திக்கலாம். அதுல உள்ள நம்பரைச் சொன்னா பேரிங் கடையில் கிடைக்கும். முன்பக்கத்துக்கு வெளிப்புறம் சீல் உள்ளது, பின்பக்கத்துக்குத் திறந்தது. கிராங்க்கேஸை அவன்ல 150 டிகிரிக்குச் சூடாக்கி மரக்கட்டையில் தட்டினா பழசு தானா விழும். சுத்தியல் தொடக் கூடாது. ஆனா ஸ்லீவ் தேஞ்ச எஞ்சினுக்கு பேரிங் மாத்துறது வீண் செலவு.

இன்னொரு அடையாளம், இடது பக்க மவுண்டிங் காதுக்கு மேலே கிராங்க்கேஸ்ல வைஸ் கடிச்ச பல் தடம். பெஞ்ச் வைஸ்ல எஞ்சின் உடம்பை நேரா இறுக்கி ஓட்டியிருக்காங்க. அலுமினியம் நசுங்கி ஸ்லீவோட வட்டமே கெட்டுடும்.

பிளக் வயர், டூவீலர் பேட்டரியில் மாட்டுற 12 வோல்ட் கிளிப். கிளோ பிளக்குக்குத் தேவை 1.2 இல்லேன்னா 1.5 வோல்ட், மூணு ஆம்பியர் சுமார். நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒண்ணு போதும். 12 வோல்ட் கொடுத்தா கண் மூடித் திறக்குறதுக்குள்ள பிளாட்டினம் சுருள் எரிஞ்சுடும்.

டேங்கோட வந்தது மீன் தொட்டிக் குழாய். மெத்தனால்ல அது நாலு நாள்ல விறைச்சுப் போய் நிப்பிள் பக்கம் காத்தை இழுக்கும். சிலிக்கான் குழாய்தான் போடணும். 46-க்கு 300 மில்லி டேங்க், அதோட நடுக்கோடு நீடில் வால்வுக்கு (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு) நேராவோ 10 மில்லிமீட்டர் கீழேயோ. சுத்தி ஸ்பாஞ்ச் வைக்கணும், இல்லேன்னா அதிர்வுல எரிபொருள் நுரைக்கும். மவுண்ட்டுக்குன்னு கொடுத்த எம்டிஎஃப் பலகையைப் பத்தி என்ன சொல்றது, அது போட்டோ ஃபிரேமுக்கு ஆகும். 6 மில்லிமீட்டர் நல்ல பிளைவுட் ஃபயர்வால் (எஞ்சின் மாட்டுற முன்பலகை), எண்ணெய் ஊறாம மேலே எபாக்ஸிப் பூச்சு, கண்ணாடியிழை நைலான் மவுண்ட், எம்4 போல்ட், நைலாக் நட். மர ஸ்க்ரூ கூடவே கூடாது.

அந்தத் தம்பி விரலைக் காப்பாத்தினது பிராப்பைக் கையில் எடுத்துப் பார்த்ததுதான். 11×6 பிராப், அதாவது 11 இஞ்ச் விட்டம், 6 இஞ்ச் பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னேறுற தூரம்). சைஸ் சரி. ஆனா நடு ஓட்டையைச் சாதா டிரில்லால பெருசாக்கியிருந்தாங்க, மையம் தப்பியிருந்துச்சு. ஹப் பக்கம் மயிரிழை விரிசல், மேலே பசை. இந்தப் பிராப் நிமிஷத்துக்கு 12,000 சுத்துச் சுத்தும்போது நுனியோட வேகம் மணிக்குச் சுமார் 630 கிலோமீட்டர். விரிசல் விட்ட இறக்கை பிய்ஞ்சா சுழற்சித் தளத்துக்கு நேரா எங்கே வேணும்னாலும் பறக்கும். விரிசல் கண்டா ரெண்டா ஒடிச்சுக் குப்பையில் போடுங்க. ‘அப்புறம் ஒட்டிக்கலாம்’னு வச்சா யாராவது எடுத்து மாட்டிடுவாங்க. ஓட்டையைப் பெருசாக்க ரீமர்தான். அப்புறம் பேலன்ஸ் பார்த்து, கனமான இறக்கையின் பின்பக்கத்தை உப்புத்தாளால தேய்ச்சு எடுக்கணும். எழுத்துள்ள பக்கம் முன்னால வரணும்.

நல்ல எஞ்சின் கிடைச்சவங்களுக்கு ஸ்டார்ட் செய்யுற முறை. நீடிலை மெதுவா மூடி, மூணு சுத்து திறங்க. த்ராட்டிலை முழுசாத் திறந்து கார்புரேட்டர் வாயை விரலால அடைச்சு, பிளக் இணைப்பு இல்லாம, பிராப்பை ரெண்டு சுத்துச் சுத்தினா எரிபொருள் ஏறும். அப்புறம் த்ராட்டிலைக் கால்வாசிக்குக் குறைங்க. சுத்தும்போது கல்லா நின்னா உள்ளே எரிபொருள் நிறைஞ்சிருக்கு. பிளக்கைக் கழட்டி வெளியேத்தணும். எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வச்சுத் தள்ளினா கனெக்டிங் ராடு வளையும். வால்பக்கத்தை ஒருத்தர் பிடிக்கணும், அல்லது கயிறு கட்டணும். தட்டிவிட ரப்பர் ஹோஸ் மாட்டின குச்சி, வெறும் விரல் இல்லை. ஓடினதும் பிராப்புக்குப் பின்னால போய்த்தான் கிளிப்பைக் கழட்டணும், பின்னால இருந்துதான் நீடிலைத் திருப்பணும். பிராப்புக்கு மேல கையை நீட்டுறது, பக்கவாட்டில் பசங்களை நிக்க வைக்கிறது ரெண்டும் ஆகாது. கழுத்துத் துண்டு, ஐடி கார்டு கயிறு எல்லாம் முதல்லயே கழட்டிடுங்க.

ஏபிசி எஞ்சினை ரொம்பக் குளிர்ச்சியா, புகை கக்கக் கக்க ஓட்டிப் பழக்கக் கூடாது. சூடாகி ஸ்லீவ் விரிஞ்சாத்தான் பிஸ்டனுக்கு இடம் கிடைக்கும். கொஞ்சம் ரிச்சா (எரிபொருள் கூடுதலா) ரெண்டு மூணு நிமிஷம், ஆற விட்டு மறுபடி. அப்புறம் முழு த்ராட்டில்ல எரிபொருள் குழாயை லேசா நசுக்கிப் பாருங்க. வேகம் கொஞ்சம் ஏறி அப்புறம் விழுந்தா சரி. உடனே விழுந்தா லீன் (எரிபொருள் குறைச்சல்), நீடிலைத் திறங்க. எஞ்சினை நிறுத்த, எரிபொருள் குழாயை நசுக்கினாப் போதும்.

மெத்தனால் தீ வெயில்ல கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துல ஒரு வாளி தண்ணி இருக்கட்டும், இது தண்ணியில் கலக்கும் திரவம், தண்ணி கேட்கும்.

திசையன்விளைப் பக்கம் தேரியில் ஓட்டுறவங்க தரையில் வச்சு ஸ்டார்ட் பண்ணாதீங்க. கார்புரேட்டருக்கு ஃபில்டர் கிடையாது. அந்தச் செம்மணல் ஒரு தடவை உள்ளே போனா ஸ்லீவைத் தேய்ச்சுடும். மேஜை போட்டு, கீழே தார்ப்பாய் விரிச்சு நனைங்க. கோடையில் வத்தின குளத்தடிக்கும் இதேதான். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் எல்லாம் நம்ம பக்கத்துலதான் இருக்கு. பறக்க விடுற இடத்துல தடை இருக்கான்னு அரசோட டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்துல பார்த்துக்கோங்க.

செட்டைத் திருப்பிக் கொடுத்ததுக்கு 5,000 ரூபாய் வந்துச்சு. “பிரிச்சுப் பார்த்துட்டே தம்பி, அதுக்குக் கழிச்சிருக்கேன்.” பில் இல்லாததால நுகர்வோர் உதவி எண் 1915-ல சொல்லவும் கையில் ஆதாரம் கம்மி. யூபிஐ ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் மட்டும் எடுத்து வச்சிருக்கு. போன வாரம் அதே எஞ்சின் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கு, இந்தத் தடவை 9,000. படத்தைப் பெருசாக்கிப் பார்த்தா இடது காதுக்கு மேலே வைஸ் தடம் அப்படியே இருக்கு. பெட்டி மட்டும் வேற.