ஜூரி பத்தின ஆன்லைன் கோர்ஸ், ஷெப்பர்ட் கேஸுக்காகவே வாங்கலாம்

அமெரிக்க கோர்ட்ல ஜூரிய, அதாவது குற்றவாளியா இல்லையான்னு முடிவு பண்ற பொதுமக்கள் குழுவ, எப்படி எடுக்கறாங்கன்னு ஒரு கோர்ஸ் வாங்கினேன், குடுத்த காசு வீண் போகல. 1954ல ஒஹையோல மனைவிய கொன்னதா ஷெப்பர்ட்ங்கற டாக்டர் மேல கேஸ், ஜூரிக்கு கூப்பிட்டவங்க பேரு அட்ரஸ் எல்லாத்தையும் பேப்பர்ல போட்டுட்டாங்க, வீட்டுக்கு லெட்டரும் போனும் வர ஆரம்பிச்சிடுச்சு, கோர்ட்டுக்குள்ளயே நிருபர்களுக்கு டேபிள் வேற. இதனாலதான் 1966ல சுப்ரீம் கோர்ட் தண்டனைய ரத்து பண்ணி, மறுவிசாரணைல விடுதலை. உள்ள இருந்த கிட்டத்தட்ட 10 வருஷத்த யாரு திருப்பி குடுப்பா, எனக்கு மனசே ஆறல.

ஜார்ஜ் ஃப்ளாய்ட கொன்னதா டெரெக் ஷாவின்ங்கற போலீஸ்காரர் மேல 2021ல நடந்த கேஸும் இருக்கு, ஜூரி எடுத்துட்டு இருக்கும்போதே ஃப்ளாய்ட் குடும்பத்துக்கு 2.7 கோடி டாலர் இழப்பீடுன்னு மினியாபொலிஸ் சிட்டி அறிவிக்க, அந்த செய்தி பாதிச்சிடுச்சுன்னு, ஏற்கனவே எடுத்த ரெண்டு பேர நீதிபதி ஜூரில இருந்து நீக்கிட்டாரு.

ஆடியோ சுமார்தான், சந்தேகம் கேட்டு மெயில் போட்டா பதிலே வரல.