கொச்சியில் கடைசி இரண்டு நாள்: ஃபோர்ட் கொச்சியா, எர்ணாகுளமா?

மூணாறு, ஆலப்புழை என்று சுற்றிவிட்டுக் கொச்சியில் வந்து முடிப்பதுதான் கேரளா போகும் பலருடைய வழக்கம். கடைசி நாட்களுக்கு ரூம் எங்கே போடுவது, காயலுக்கு அக்கரையில் இருக்கும் பழைய ஃபோர்ட் கொச்சியிலா, இக்கரையில் ரயில் ஸ்டேஷன்கள் இருக்கும் எர்ணாகுளத்திலா என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி உண்டாகும். நாங்கள் எர்ணாகுளத்தில், போட் ஜெட்டிக்கு நடந்தே போகிற தூரத்தில் தங்கினோம். இன்னொரு முறை போனாலும் அங்கேதான் தங்குவேன்.

அழகைக் கேட்டால் ஃபோர்ட் கொச்சிதான், அதில் பேச்சே இல்லை. 1524இல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம், நிழல் கவிந்த பழைய தெருக்கள், பக்கத்திலேயே மட்டாஞ்சேரி அரண்மனை, 1568இல் கட்டிய யூத ஜெபக்கூடம். அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஜெபக்கூடத்துக்குச் சனிக்கிழமை. கடைசி நாட்கள் அந்தக் கிழமைகளில் விழுந்தால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

வேளி பக்கம் இருக்கும் தோபி கானா என்ற சலவைக்கூடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். படைக்காரர்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைக்கு முன் வந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் அங்கே வேலை செய்கின்றன. கொடியில் ஒரு கிளிப் கூடக் கிடையாது. முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகி விடுகிறார்கள். காற்றடித்தாலும் துணி அசைகிறதே தவிர, விழுவதில்லை. தமிழில் பேச்சுக் கொடுத்தால் தமிழிலேயே பதில் வரும்.

இவ்வளவும் இருக்க ஏன் எர்ணாகுளம்? கிளம்புகிற நாளுக்காக.

ஃபோர்ட் கொச்சியிலிருந்து எர்ணாகுளம் சவுத் ஸ்டேஷனுக்குச் சாலை வழி பன்னிரண்டு கிலோமீட்டர் சுமாருக்கு மேல் இருக்காது. ஆனால் தோப்பும்படி பாலம், வில்லிங்டன் தீவு, வெண்டுருத்திப் பாலம், தேவரா என்று பெரும்பாலான வண்டிகள் ஒரே வழியில்தான் வருகின்றன. மாலையில் அது எப்போது நகரும் என்று ஓட்டுநராலேயே சொல்ல முடியாது. நெடும்பாசேரி ஏர்போர்ட் என்றால் நாற்பது கிலோமீட்டர் வரும். ரயிலோ விமானமோ சாயங்காலம் என்றால் மதியச் சாப்பாட்டிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். கடைசி நாளில் பாதி போச்சு.

எர்ணாகுளத்தில் சவுத், நார்த் இரண்டு ஸ்டேஷனும் மெட்ரோ வழித்தடத்திலேயே இருக்கின்றன. மெட்ரோவில் ஆலுவா போய் அங்கிருந்து பஸ் பிடித்தால் ஏர்போர்ட். டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று மட்டும் சரிபாருங்கள்; சில ரயில்கள் சவுத்துக்கு வராமல் நார்த் வழியாகவே போய்விடும். பெட்டிகளை ரூமிலோ ஸ்டேஷன் கிளோக் ரூமிலோ போட்டுவிட்டு, கடைசி நாள் காலையிலும் வெறுங்கையோடு படகேறி ஃபோர்ட் கொச்சி போய்வரலாம்.

அந்தப் படகுப் பயணமே தனி விருந்து. இருபது நிமிடம் சுமார்தான். ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணால் உருவான வில்லிங்டன் தீவு ஒரு பக்கம், வல்லார்பாடத்தின் கன்டெய்னர் கிரேன்கள் இன்னொரு பக்கம், முடியும் இடத்தில் சீன மீன்பிடி வலைகள். இங்கே தங்கினால் தினமும் அது கிடைக்கும். சிறுபிள்ளைகளோ முழங்கால் வலிக்காரர்களோ கூட இருந்தால் ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து வாட்டர் மெட்ரோவில் போங்கள். மிதவை மேடையும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால் ஏறி இறங்கச் சிரமமில்லை. விடுமுறை நாட்களில் வரிசை நீளம்.

எர்ணாகுளத்தில் கிடைக்காதது ஒன்று உண்டு: பகல் கூட்டம் கலைந்த பிறகும், விடியற்காலையிலும் இருக்கும் ஃபோர்ட் கொச்சி. கல் கட்டித் தொங்கவிட்ட கயிறுகளை நாலைந்து பேர் சேர்ந்து இழுக்க, வலை மெல்ல எழும்புவதைக் கூட்டமில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் அங்கே ஒரு இரவு தங்கத்தான் வேண்டும். அப்படியானால் முதல் இரவை அங்கே வைத்துக்கொண்டு, கடைசி இரவுக்கு எர்ணாகுளம் வந்துவிடுங்கள்.

நாங்கள் போனது மழை இல்லாத மாதம். ஜூன், ஜூலையில் படகை நம்பித் திட்டம் போடலாமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பினாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கும் காலத்தில் அரங்குகள் பெரும்பாலும் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பக்கமே இருப்பதால், அதற்காகவே போகிறவர்கள் அங்கே தங்குவதுதான் சரி. எங்கே தங்கினாலும், அக்கரையில் இறங்கியதும் திரும்பிவரக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கவுண்டரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.